ஒட்டுப்பால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிஸ்க்கில் அழிந்துபோன தமிழ் எழுத்தைத் தேடி எடுக்கும் சின்னக் கருவி ஒட்டுப்பால். இலவசம், மூலநிரல் திறந்தே கிடக்கிறது. பகலில் செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலை அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன், ராத்திரியில் மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரில் என் வீட்டில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொள்கிறேன். வேறு ஆள் இல்லை. ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்பப் பதில் தட்டி அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அக்கா, இப்பத்தான் ஃபைல் போச்சு. முதல்ல என்ன செய்யணும்?

ஒன்றும் செய்யாதீர்கள். பென்டிரைவா, பிடுங்கி மேசையில் வையுங்கள். கணினியின் உள் டிஸ்க்கா, கணினியை அணைத்துவிடுங்கள். என்னுடைய கருவி உட்பட எதையும் அந்த டிஸ்க்கில் இறக்கவோ நிறுவவோ கூடாது.

டிலீட் செய்தவுடன் எழுத்து அழிவதில்லை. 'இந்த இடம் காலி' என்று குறிப்பு மட்டும் மாறுகிறது. எஃப்ஏடி வகை பென்டிரைவில் பெயரின் முதல் பைட்டை 229 என்று மாற்றுவார்கள், கோப்பு எந்தெந்தக் கொத்தில் கிடக்கிறது என்ற சங்கிலியைப் பூஜ்யமாக்குவார்கள். அவ்வளவுதான். உள்ளே இருக்கும் எழுத்து, வேறொன்று வந்து மேலே உட்காரும்வரை அப்படியே கிடக்கும். அந்த வேறொன்று வராமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை, என் வேலை அதற்குப் பிறகுதான்.

செருகியதும் விண்டோஸ் 'பார்மட் செய்யவா?' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 'பிழை இருக்கிறது, சரிபார்க்கவா?' என்றாலும் வேண்டாம். அது சரிபார்ப்பது டிஸ்க்கின் ஒழுங்கை, உங்கள் கோப்பை அல்ல. எஸ்டி கார்டின் ஓரத்தில் இருக்கும் குட்டிப் பூட்டை மட்டும் நம்பிவிடாதீர்கள். அந்தப் பூட்டு கார்டுக்குள் எதையும் தடுக்காது. கார்டைப் படிக்கும் கருவி அதைப் பார்த்து மரியாதை கொடுத்தால்தான் உண்டு.

பிறகு முழு டிஸ்க்கையும் பைட் பைட்டாக வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். இதை இமேஜ் என்போம். டிஸ்க் கொஞ்சம் நோயாளி என்றால் ஜிஎன்யூ டிடிரெஸ்கியூ பயன்படுத்துங்கள். அது நன்றாகப் படிக்க வரும் பகுதிகளை முதலில் அள்ளிக்கொள்ளும், முரண்டு பிடிக்கும் இடங்களைக் கடைசிக்கு ஒதுக்கும். எதுவரை வந்தோம் என்று ஒரு குறிப்புக் கோப்பில் எழுதியும் வைத்துக்கொள்ளும். மத்தியான இடி மழையில் கரண்டு போனாலும் விட்ட இடத்தில் தொடரலாம். ஒட்டுப்பாலுக்கு அந்த இமேஜைக் காட்டுங்கள், டிஸ்க்கைக் காட்டாதீர்கள்.

ஹார்ட்டிஸ்க்கில் டக், டக் என்று சத்தம் வந்தால் இந்தப் பதில் செல்லாது. உடனே அணைத்துவிட்டு, டிஸ்க்கைத் திறந்து பார்க்கும் வசதி உள்ள கூடத்துக்குக் கொண்டுபோங்கள். செலவாகும்.

பெயர் என்ன இப்படி?

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு: பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, விடியலில் வெட்டுவார்கள், பால் மங்கில் (மரத்தில் கட்டிய கிண்ணத்தில்) வடியும், முற்பகலில் வாளியில் சேர்ப்பார்கள். சேர்த்த பிறகும் மங்கின் அடியிலும் வெட்டுக்கோட்டிலும் கொஞ்சம் ஒட்டிக் காய்ந்து கிடக்கும். அதுதான் ஒட்டுப்பால். மறுநாள் வெட்டுவதற்கு முன் அதை உரித்துக் கூடையில் போட்டுக்கொள்வார்கள். அதற்கும் நிறுவை உண்டு, காசு உண்டு. என் பாட்டியின் கைவிரல் நகத்துக்குள் அந்த வாடை எப்போதும் இருக்கும். சோறு பிசைந்து ஊட்டும்போதுகூட.

போட்டோரெக் இருக்கும்போது இது எதற்கு?

போட்டோரெக் நல்ல கருவி. படம், காணொளி போயிருந்தால் இங்கே நிற்காமல் நேராக அதனிடம் போங்கள். அது கோப்பின் தலையைப் பார்த்து அடையாளம் காணும். ஜேபெக் படம் என்றால் முதல் இரண்டு பைட் 255, 216. முடிவில் 255, 217. பிடிஎஃப், பிஎன்ஜி எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு நெற்றிப்பொட்டு இருக்கிறது.

வெறும் எழுத்துக் கோப்புக்குத்தான் பொட்டு கிடையாது. முதல் எழுத்திலேயே விஷயம் ஆரம்பித்துவிடும். அதனால் எல்லா மீட்புக் கருவிக்கும் எழுத்துக் கோப்பு என்றால் குழப்பம்தான். கிடைத்த துண்டுகளைப் பெயரில்லாமல் ஆயிரக்கணக்கில் கொட்டிவிட்டுப் போகும். அந்தக் குவியலில் தமிழ் எங்கே என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். நான் பார்த்திருக்கிறேன், மூன்று ராத்திரி. நாலாவது ராத்திரி நிரல் எழுத உட்கார்ந்தேன். அது 2014.

சரி, தமிழை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

யூனிகோடில், யூடிஎஃப்-8 என்ற முறையில், ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175, வேறெதுவும் வராது. மூன்றாவது 128-க்கும் 191-க்கும் நடுவில். 'அம்மா' என்று தட்டினால் டிஸ்க்கில் இப்படிப் போய் உட்காரும்:

224 174 133 — 224 174 174 — 224 175 141 — 224 174 174 — 224 174 190

அ, ம, புள்ளி, ம, கால். பதினைந்து பைட். ஆங்கிலக்காரர் தன் அம்மாவுக்கு ஆறு பைட்டில் முடித்துவிடுவார், நமக்கு இடம் கூடுதலாகப் பிடிக்கிறது என்று முன்பு எல்லோரும் குறைபட்டுக்கொண்டோம். எனக்கு அந்த வீண்தான் சோறு போடுகிறது. மூன்று பைட்டுக்கு ஒரு தடவை 224 வந்துகொண்டே இருக்கிறது என்றால் அது தமிழ் மாதிரி ஏதோ ஒன்று என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். தற்செயலாகப் பத்து எழுத்து அப்படி அமைய வாய்ப்பே இல்லை. படத்திலோ பாட்டிலோ இந்தத் தாளம் வராது.

யூடிஎஃப்-16 என்று இன்னொரு முறை இருக்கிறது. பழைய வேர்ட் கோப்புகளில் தமிழ் இப்படித்தான் கிடக்கும். எழுத்துக்கு இரண்டு பைட், இரண்டாவது எப்போதும் 11. அதையும் தேடுகிறேன்.

துண்டு துண்டாகச் சிதறிய கோப்பைச் சேர்த்துத் தருமா?

சில நேரம். இந்தப் பகுதி எனக்குப் பிடித்தது, கொஞ்சம் நீட்டுவேன்.

டிஸ்க் கோப்பைக் கொத்துக் கொத்தாக வைக்கும். ஒரு கொத்து பெரும்பாலும் 4096 பைட். 4096-ஐ மூன்றால் வகுத்தால் ஒன்று மீதி. ஆகவே தமிழ்க் கோப்பு கொத்தின் ஓரத்தில் அநேகமாக எழுத்தின் நடுவிலேயே பிய்ந்து நிற்கும். 224 மட்டும் இந்தப் பக்கம், மற்ற இரண்டும் அடுத்த கொத்தில். அல்லது 224, 174 இரண்டும் இங்கே, கடைசிப் பைட் அங்கே. அல்லது எழுத்து முழுசாக முடிந்திருக்கும். இந்த மூன்று விதம்தான். கிழிந்த காகிதத்தின் பல் விளிம்பு மாதிரி. 224-இல் முடிந்த துண்டுக்கு 174-இலோ 175-இலோ தொடங்கும் துண்டுதான் பொருந்தும். அதிலேயே பாதிக்கு மேல் வேண்டாதவை கழிந்துவிடும்.

அடுத்தது எழுத்திலக்கணம். ஒரு துண்டு இடைவெளியில் முடிந்தால் அடுத்தது காலிலோ கொம்பிலோ புள்ளியிலோ தொடங்க முடியாது. அதற்கும் மேலே போய் பள்ளிக்கூடத்தில் படித்த மொழிமுதல் எழுத்து விதியையும் சேர்த்தேன். ட, ர, ல, ழ, ள, ற, ண, ன எதுவும் சொல்லுக்கு முதலில் வராது என்று. ரொம்பப் பெருமையாக வெளியிட்டேன்.

ஒரு மாதத்தில் புகார் வந்தது. பினாங்கிலிருந்து ஒருவர். கோயில் கும்பாபிஷேக அழைப்பிதழை மீட்டிருக்கிறார். பக்கத்துக்குப் பக்கம் சரியாக ஒட்டியிருக்கிறது, சிறப்பு விருந்தினர் பட்டியல் மட்டும் வேறெங்கோ போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காரணம்: அந்தத் துண்டு 'டத்தோ' என்ற மலேசியப் பட்டத்தோடு தொடங்குகிறது. நம் நாட்டுத் தமிழில் டத்தோ வராமல் அழைப்பிதழ் ஏது? டாக்டர், ரப்பர், ரிங்கிட், லோரி, லயம் எல்லாவற்றையும் நான் சட்டம் போட்டுத் துரத்தியிருக்கிறேன். நான் பிறந்த வீடே லயத்து வீடு, தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்று. இப்போது ழ, ள, ற, ண, ன மட்டும்தான் விதியில் இருக்கின்றன.

பழைய எழுத்துருவில் தட்டியது கிடைக்குமா?

அதற்காகத்தான் இந்தக் கருவி பிறந்தது. நம் நாட்டில் பலரும் கணினியில் தமிழ் தட்டக் கற்றுக்கொண்டது முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலில். தொண்ணூறுகளிலும் அதற்குப் பிறகும் தட்டியவை பெரும்பாலும் யூனிகோடு அல்ல. டிஸ்கி, டாப், டாம் என்று பல குறிமுறைகள். எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் குப்பை.

டிஸ்கியில் எழுத்துக்கு ஒரு பைட். 224 மாதிரி தாளம் இல்லை. ஆனால் ஒரு பிடி இருக்கிறது. டிஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுதும். 'கொ' என்றால் கொம்பு முதலில், பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முதலில், ஒகரக் குறி பிறகு. ஆகவே டிஸ்கியில் கொம்புக்கு அடுத்து எப்போதும் மெய் வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் அது தமிழ் இல்லை. இந்த ஒரு சோதனையில் முக்கால்வாசிக் குப்பை கழிந்துவிடுகிறது. மிச்சத்தை வரிசை மாற்றி யூனிகோடாகத் தருகிறேன். டாப், டாம் வேலை பாதியில் நிற்கிறது.

இலங்கை நண்பர்கள் கேட்பது பாமினி. அது இன்னும் வேடிக்கை. ஆங்கில விசையிலேயே தமிழ் உருவம். பாமினியில் தட்டிய 'அம்மா' டிஸ்க்கில் 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்று கிடக்கும். பார்த்தால் யாரோ பூனையை விசைப்பலகையில் நடக்க விட்ட மாதிரி. ஆனால் மெய்யெழுத்தின் புள்ளிதான் அங்கே அரைப்புள்ளி. ஆங்கிலத்தில் அரைப்புள்ளி ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு வந்தால் அதிகம், தமிழில் மெய்யெழுத்து இல்லாமல் ஒரு வரி நகராது. ஐந்தாறு எழுத்துக்கு ஒரு அரைப்புள்ளி என்று தொடர்ந்து வந்தால் பாமினி என்று எடுத்துக்கொள்கிறேன். சி மொழியில் எழுதிய நிரலிலும் அரைப்புள்ளி நிறைய வரும், அதனால் முதல் பதிப்பில் என் சொந்த மூலநிரலையே தமிழ் என்று மீட்டுக் கொடுத்தது.

புது வேர்ட் கோப்பு, அதாவது டாக்எக்ஸ்?

டாக்எக்ஸ் என்பது உள்ளுக்குள் ஒரு ஜிப் பொட்டலம். எழுத்து சுருக்கப்பட்டிருக்கும், ஆகவே 224 தாளம் வெளியே தெரியாது. ஜிப்பின் உள்ளடக்கப் பட்டியல் கடைசியில் இருப்பதால், வால் போய்விட்டால் வேர்ட் 'கோப்பு கெட்டுவிட்டது' என்று கையை விரித்துவிடும். ஆனால் சுருக்கிய எழுத்தை ஆரம்பத்திலிருந்து வரிசையாக விரித்துக்கொண்டே போகலாம், வால் வேண்டியதில்லை. அறுந்த இடம்வரை கிடைக்கும். தடித்த எழுத்து, அட்டவணை எதுவும் வராது. வெறும் வாசகம் மட்டும்.

எனக்குக் கிடைக்குமா, கிடைக்காதா? நேராகச் சொல்லுங்கள்.

பென்டிரைவ், கேமரா கார்டு, சுழலும் பழைய ஹார்ட்டிஸ்க்: டிலீட் செய்து, அதற்குமேல் எதுவும் எழுதாவிட்டால் நல்ல வாய்ப்பு. விண்டோஸில் 'குயிக் பார்மட்' செய்திருந்தாலும் வாய்ப்பு உண்டு. குயிக் இல்லாத முழு பார்மட் என்றால், விஸ்டாவிலிருந்து விண்டோஸ் டிஸ்க் முழுவதும் பூஜ்யம் எழுதிவிடுகிறது. ஒன்றும் மிஞ்சாது.

எஸ்எஸ்டி: பெரும்பாலும் இல்லை. அழித்த இடத்தை எஸ்எஸ்டியிடம் 'இது இனி வேண்டாம்' என்று கணினி சொல்லிவிடும். அந்தச் சேதிக்கு டிரிம் என்று பெயர், விண்டோஸ் 7-இலிருந்து இருக்கிறது. சேதி போன பிறகு அந்த இடத்தைப் படித்தால் பெரும்பாலும் பூஜ்யம்தான் வரும். லினக்ஸில் பலவற்றில் இது வாரத்துக்கு ஒரு முறை நடக்கும், ஆகவே அந்த வாரத்துக்குள் அணைத்துவிட்டால் ஒரு சின்ன நப்பாசை.

போனின் உள் நினைவகம்: இல்லை. ஆண்ட்ராய்டு 10-ஓடோ அதற்குப் பிந்தையதோடோ வெளிவந்த போன்களில் பூட்டிவைத்துத்தான் எழுத வேண்டும் என்பது கட்டாயம். கோப்பை அழித்தால் அதன் சாவியும் போய்விடுகிறது. போனில் போட்ட மைக்ரோ எஸ்டி கார்டை மட்டும் கழற்றிப் பார்க்கலாம்.

வாட்ஸ்அப் மெசேஜ்?

இல்லை.

வைரஸ் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிறது?

அது அழிந்த கோப்பு அல்ல, பூட்டிய கோப்பு. இங்கே வேலை இல்லை.

மீட்டதில் பாதி ராசிபலனாக இருக்கிறதே?

இருக்கும். உலாவி, பார்த்த பக்கங்களை எல்லாம் டிஸ்க்கில் சேர்த்து வைக்கும். தமிழ் எழுத்தைத் தேடினால் அதுவும் தமிழ்தானே. ஒரு வாடிக்கையாளருக்கு ஆறு வருஷத்து மகர ராசி கிடைத்தது, பேத்தியின் கட்டுரை கிடைக்கவில்லை. இணையப் பக்கத்துக்குரிய குறிகள் நிறைய இருந்தால் தனி அடைவில் ஒதுக்குகிறேன். ஒரே வாசகம் பல தடவை கிடைத்தால் ஒன்றை மட்டும் வைக்கிறேன். கோப்பின் பழைய பெயர் கிடைக்காது, முதல் வரியையே பெயராக்கிவிடுகிறேன். அதனால் 'அன்புடையீர் வணக்கம்' என்று முப்பது கோப்பு வந்தால் திகைக்க வேண்டாம்.

0.3 பதிப்பில் மீட்ட கோப்பு வைத்திருக்கிறேன். சரியாக இருக்குமா?

இமேஜ் இருந்தால் மறுபடி ஓட்டுங்கள். 0.3 எழுத்தை விழுங்கும். தப்பு என்னுடையது.

ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் எழுதினார்: 'அம்மா, உங்கள் கருவிக்கு நன்றி. ஆனால் மாணவர் நாடகத்தில் ஓரிடத்தில் பள்ளிக்கூடம் என்பது பள்ளிக்கூம் என்று இருக்கிறது. நான் அப்படித் தட்டுபவன் அல்ல.' எனக்குச் சிரிப்பு வந்தது. பழைய கோப்பில் அவரே விட்டிருப்பார் என்று நினைத்தேன். மரியாதைக்குச் சோதித்துப் பார்த்தேன். நான் டிஸ்க்கை ஒரு மெகாபைட் ஒரு மெகாபைட்டாகப் படிக்கிறேன், அதாவது 1048576 பைட். அதையும் மூன்றால் வகுத்தால் ஒன்று மீதி. மெகாபைட் எல்லை ஒரு எழுத்தின் நடுவில் விழுந்தால், இந்தப் பக்கம் பாதி எழுத்து, அந்தப் பக்கம் பாதி எழுத்து, இரண்டையும் 'செல்லாது' என்று என் நிரல் தள்ளியிருக்கிறது. அவருடைய 'ட' அந்த எல்லையில் உட்கார்ந்திருந்தது.

திருத்தம் நாலே வரி. முந்தைய கட்டியின் கடைசி இரண்டு பைட்டை எடுத்து அடுத்த கட்டியின் தலையில் வைத்துவிட்டுப் படிக்க வேண்டும். கொத்து ஓரத்தில் எழுத்து பிய்வதை வைத்து அவ்வளவு கெட்டிக்காரத்தனம் செய்த எனக்கு, நான் படிக்கும் ஓரத்திலும் பிய்யும் என்று தோன்றவில்லை. இப்போது ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்பு 41 சோதனை இமேஜில் ஓட்டிப் பார்க்கிறேன். அதில் ஒன்றின் பெயர் 'பள்ளிக்கூம்'.

மவுஸில் அழுத்துகிற மாதிரி ஒரு சன்னல் செய்யக் கூடாதா?

செய்யலாம், நான் செய்ய மாட்டேன். சன்னல் இருந்தால் அதில் டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் இருக்கும், பட்டியல் இருந்தால் யாரோ ஒருவர் அவசரத்தில் தப்பான டிஸ்க்கில் மீட்டதைச் சேமிப்பார். கட்டளை தட்டும்போது கை கொஞ்சம் யோசிக்கிறது. சேமிக்கும் இடமும் தேடும் இடமும் ஒரே டிஸ்க் என்றால் கருவி மறுத்துவிடும். அந்த மறுப்பை அணைக்க வழி கேட்டு வந்தவர்களுக்கும் இதுதான் பதில்.

ஒரு கடையில் இந்தக் கருவியை ஓட்ட 300 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார்கள். இலவசம்தானே?

கருவி இலவசம், அவர்கள் நேரம் இலவசம் இல்லை. ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு உரிமத்தில் விட்டிருக்கிறேன். காசு வாங்கலாம், விற்கவும் செய்யலாம். மாற்றி எழுதி அடுத்தவருக்குக் கொடுத்தால் மாற்றிய மூலநிரலையும் அதே உரிமத்தில் கொடுத்தாக வேண்டும். ஒரு கடை என் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரை ஒட்டி விற்றது. மூலநிரல் கேட்டு மூன்று தடவை எழுதினேன், பதில் இல்லை. நாலாவது தடவை எழுதும்போது, 'உங்கள் பதிப்பில் 0.3-இன் தப்பு இன்னும் இருக்கிறது, வாடிக்கையாளரின் எழுத்தை விழுங்கும்' என்று மட்டும் எழுதினேன். அன்று சாயந்திரமே போன் வந்தது.

என் டிஸ்க்கை உங்களுக்கே அனுப்பட்டுமா? நகல் அனுப்பினால் பார்ப்பீர்களா?

வேண்டவே வேண்டாம். தப்பைச் சொல்ல இமேஜ் அனுப்புகிறேன் என்று ஒருவர் இணைப்பு கொடுத்தார். திறந்தால் ஒரு தாமான் (குடியிருப்பு) முழுவதற்குமான ஐசி (அடையாள அட்டை) எண்கள். உடனே அழித்தேன், அவரையும் இணைப்பை எடுக்கச் சொன்னேன். தப்பு நடக்கும் இடத்தைச் சுற்றி 64 பைட் இருந்தால் எனக்குப் போதும். அதை எண்களாக எழுதி அனுப்புங்கள். தமிழிலோ மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். 'ஒர்க் ஆகல' என்று மட்டும் எழுதினால் பதில் வராது.

வீட்டுக்காரர் எதை அழித்தார் என்று பார்க்க வேண்டும். உதவுவீர்களா?

உதவ மாட்டேன். அவரையே கேளுங்கள்.

நன்கொடை தரலாமா?

எனக்குச் சம்பளம் இருக்கிறது. பழைய விண்டோஸ் 98 கணினியில் முரசு அஞ்சலில் தட்டிய கோப்பு உங்களிடம் இருந்து, அதில் தனிப்பட்ட விஷயம் எதுவும் இல்லை என்றால், அதைக் கொடுங்கள். காசைவிட அது அரிது.

தெலுங்குக்கும் மலையாளத்துக்கும் மாற்ற முடியுமா?

யூடிஎஃப்-8 பகுதி மட்டும் என்றால் இரண்டு எண்ணை மாற்றினால் போதும். தமிழுக்கு 174, 175. தெலுங்குக்கு 176, 177. மலையாளத்துக்கு 180, 181. ஒட்டும் விதிகளை அந்த மொழி தெரிந்தவர்தான் எழுத வேண்டும். எழுதினால் சேர்த்துக்கொள்கிறேன்.

நீங்கள் ஒரே ஆள். எனக்கும் எழுதும் உரிமை கொடுத்தால் பாரம் குறையுமே?

அன்புக்கு நன்றி. மாதம் ஒருவராவது கேட்கிறார்கள், சிலர் கொஞ்சம் அழுத்தியே கேட்கிறார்கள். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவிக்கு நடந்ததைப் படித்திருப்பீர்கள். களைத்துப்போன ஒரே பராமரிப்பாளர். உதவ வந்தவர் இரண்டு வருஷத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து, நம்பிக்கை சம்பாதித்து, கடைசியில் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக்கதவு வைத்தார். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், தன் கணினியில் உள்நுழைய அரை விநாடி கூடுதலாகிறதே என்று துருவியதில்தான் வெளியே வந்தது.

இவ்வளவு சின்னக் கருவியில் யார் கதவு வைப்பார் என்று கேட்கலாம். ஒட்டுப்பாலை ஓட்டுபவர் முழு டிஸ்க்கையும் படிக்கும் அதிகாரத்தோடு ஓட்டுகிறார். அது போதும். ஆகவே திருத்தம் அனுப்புங்கள், ஒவ்வொரு வரியும் படித்த பிறகு சேர்ப்பேன். தாமதமாகும். ஆண்டு முடிவில் ஆலையில் கணக்கு மூடும் இரண்டு மாதம் ஒன்றும் நகராது. எனக்கு ஏதாவது ஆனால், உரிமம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் நகல் எடுத்து வேறு பெயரில் தொடரலாம்.

சுங்கை சிப்புட் எங்கே இருக்கிறது?

பேராக்கில், ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில், ரயில் நிற்கும். 1948 ஜூன் 16-இல் இங்கே மூன்று தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதும் அவசரகாலம் அறிவித்தார்கள், அதனால் பாடப்புத்தகத்தில் பெயர் வரும். முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன் பிறந்த ஊர் என்றால் வயதானவர்களுக்குத் தெரியும். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடல் காலத்தில் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியவர்.

எதை மீட்க இதைச் செய்தீர்கள்? கிடைத்ததா?

அப்பாவின் பட்டியலை. அப்பா தோட்டத்தில் ஸ்டோர் கிராணி, அதாவது சரக்குக் கிடங்கு எழுத்தர். தோட்டம் கைமாறி, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயங்களை இடித்தபோது சனம் ஆளுக்கொரு தாமானுக்குப் போய்விட்டது. எந்த லயத்தில், எத்தனையாவது கதவில், எந்தக் குடும்பம், எங்கே போனார்கள் என்று அப்பா டிஸ்கியில் தட்டி வைத்திருந்தார். ஒரே நகல், ஒரே பென்டிரைவ். என் அக்கா மகன் அதை பார்மட் செய்து காரில் கேட்கப் பாட்டு ஏற்றிவிட்டான். அவனைத் திட்டக்கூட முடியவில்லை, தாத்தாதான் 'இந்தா, வச்சுக்கடா' என்று எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

ஆறு லயம் முழுசாக வந்தது. ஏழாவது லயத்தில் மூன்றாவது கதவுவரை வந்து, அதற்குமேல் பாட்டு உட்கார்ந்திருந்தது. அப்பா ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதினார். ஏழாவது லயத்தில் இப்போது ஐந்தாம் கதவும் எட்டாம் கதவும் மட்டும் காலி. எட்டாம் கதவில் தையல் மிசின் வைத்திருந்த ஒரு கிழவி இருந்தார் என்கிறார் அம்மா. பெயர் ஞாபகம் வரவில்லையாம்.